பூவோடு பூவாக ஒரு நகம்

"இங்க பாருங்க, பாப்பா இடுப்புகிட்ட. ஒரு விரல் தெரியுது."

வந்தவர் சட்டம் போட்ட படத்தை மேஜைமேல் வைத்தார். போட்டோக்காரருக்குச் சுருக்கென்றது. வாண்டுகளைப் படமெடுப்பதில் அவருக்கென்று தனிப் பேர் உண்டு. தன் வேலையில் யாராவது குறை சொன்னால் அன்றைக்கு அவருக்குச் சாப்பாடு இறங்காது.

அவருடைய வித்தை ஒன்றும் பெரிதில்லை. ஓரிடத்தில் நிற்காத குழந்தையை ஸ்டூலில் ஏற்றி, அம்மாவைப் பின்னால் உட்காரவைத்து, இடுப்பைப் பிடித்துக்கொள்ளச் சொல்வார். அப்புறம் கம்ப்யூட்டரில் அம்மாவை மொத்தமாகத் துடைத்துவிடுவார். குழந்தை சமர்த்தாகத் தானே உட்கார்ந்த மாதிரி இருக்கும்.

சட்டத்தின் கண்ணாடியில் அந்த இடத்தில் மட்டும் விரல் அழுக்கு அப்பியிருந்தது. அதைத் துணியால் துடைத்துவிட்டுக் கண்ணைக் கிட்டே கொண்டுபோனார். சிவப்புப் பூப்போட்ட கவுனில், பூவோடு பூவாக, சிவப்புச் சாயம் பூசிய ஒரு நகம். அதற்குக் கீழே அரை விரல்.

"அட ஆமா! பூன்னு நெனச்சு விட்டுட்டேன். மானமே போச்சு சார்."

அதற்குள் படத்தின் நாயகி பின்திரைக்குள் புகுந்து, அதைப் போர்த்திக்கொண்டு பேய் மாதிரி கத்தினாள். குடை விளக்கு ஒரு ஆட்டம் ஆடி நின்றது.

"ஏய் வாலு, இங்க வா!" என்றார் அப்பா. அவள் காதில் வாங்கினால்தானே?

"அன்னிக்கும் இதே கூத்துதான் சார். அம்மா இறுக்கிப் பிடிச்சும் மீன் மாதிரி வழுக்கினா." போட்டோக்காரர் சிரித்தார். வந்தவர் சிரிக்கவில்லை.

"மொதல்ல எடுத்த படம் இருக்கா? நீங்க கை வைக்கிறதுக்கு முன்னாடி இருந்தது?"

தப்பு எங்கே நடந்தது என்று துருவப் பார்க்கிறார் போல. போட்டோக்காரருக்கு உள்ளுக்குள் எரிச்சல் மூண்டது.

"அதெல்லாம் வேலை முடிஞ்சதும் தூக்கிடுவோம் சார். எடம் பத்தாது."

"ஒண்ணுகூட இல்லையா? நல்லாத் தேடிப் பாருங்களேன்."

"சத்தியமா இல்ல. ஏன், வீட்டுல ஃபோன்ல எடுத்தது இருக்குமே?"

"நெறைய இருக்கு. எல்லாம் அவங்கம்மா எடுத்தது. எல்லாத்துலயும் பாப்பா மட்டுந்தான்."

அவர் நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார். ஒரு விரலுக்காகவா இந்த மனுஷன் இப்படி இடிந்துபோகிறார்? எரிச்சல் போய், போட்டோக்காரருக்குப் பாவமாகிவிட்டது.

"இதுக்குப் போயி மனசு விடலாமா சார்? ஒருநாள் அம்மாவையும் கூட்டிட்டு வாங்க, ஓசியிலயே புதுசா எடுத்துத் தர்றேன். இப்ப இந்த விரல இருந்த எடம் தெரியாம ஆக்கிடுறேன், பாருங்க."

போட்டோக்காரர் படத்தைத் திரையில் திறந்து, இடுப்புப் பக்கம் பெரிதாக்கினார். கவுன் மடிப்பு, பூக்கள், நகம். பக்கத்துப் பூ ஒன்றைப் பிரதியெடுத்து விரல்மேல் ஒற்றினால் வேலை முடிந்தது.

அவர் மவுஸை நகர்த்திக் குறிபார்த்தார். சடாரென்று வந்தவர் எழுந்து அந்தக் கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்.

"வேணாம் சார். விட்டுடுங்க."

"ஏன் சார்? நீங்கதான குறை சொன்னீங்க? இப்படியே விட்டா அசிங்கமா இருக்குமே!"

வந்தவர் பின்திரைக்குள் குதிக்கும் மகளை ஒரு தடவை பார்த்துவிட்டு, அவளுக்குக் கேட்காதபடி குரலைத் தாழ்த்தினார்.

"அவ செத்துப்போயிட்டா சார்... பாப்பாவ இன்னும் பிடிச்சுக்கிட்டு இருக்குறது அந்த விரல் ஒண்ணுதான்."