சாயம் போகாத ரோஜா

கல்லறைத் திருநாளுக்கு முந்தின நாள், ஏற்காடு கல்லறைத் தோட்டத்தில் மருமகன் ஜெப்சனைக் கையும் களவுமாகப் பிடித்தார் சாந்தாமேரி. மகள் ஷெர்லினின் கல்லறையில் ஒரு பிளாஸ்டிக் ரோஜா. அதன் பக்கத்தில் நிற அட்டையை வைத்துப் பார்த்து, அவன் நோட்டில் குறித்துக்கொண்டிருந்தான்.

“ஏனுங்க மாப்பிள்ளை, ஊரே சாமந்தி வாங்கிட்டு வருது. நீங்க உங்க கம்பெனிச் சரக்கைக் கொண்டாந்து வெச்சிருக்கீங்க.”

“டெஸ்ட்டுங்க அத்தை. வெயில் தாங்குற மருந்தை மேல பூசுனா மழையில கழுவிட்டுப் போயிரும். இதுல பிளாஸ்டிக்கோடவே பிணைச்சு விட்டிருக்கோம். சாயம் போவுதான்னு மாசாமாசம் பாக்கோணும்.”

“அதுக்கு எம்பொண்ணு தலைமாடுதான் கெடைச்சுதா?”

“இங்கதான் வெயில், மழை, பனி எல்லாம் ஒரே எடத்துல கெடைக்குதுங்க.”

சேலத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி வந்து, பூவுக்கு மார்க் போடும் புருஷன் உலகத்திலேயே தான் ஒருவனாகத்தான் இருப்பான் என்று நினைத்துக்கொண்டான். அழ வராதவனுக்கு அட்டவணை போடவாவது வந்ததே.

சாந்தாமேரி ரோஜாவைக் கையில் எடுத்தார். “கல்லறைக்குச் சுண்ணாம்பு அடிக்கோணும். இதைக் குப்பையில போட்டுடறேன்.”

“வேண்டாங்க அத்தை. எடுத்துட்டா டெஸ்ட் கெட்டுரும். அப்புறம் நான் இங்க வர்றதுக்கு...”

“பூவை எடுத்துக்கச் சொல்லிப் போன வாரமே உங்க கம்பெனிக்குப் போன் பண்ணுனனுங்க. அந்த டெஸ்ட் முடிஞ்சு ஒரு வருசம் ஆச்சாமே.”

ஜெப்சன் நோட்டை மூடினான்.

அவர் ரோஜாவை முந்தானையால் துடைத்து, இருந்த இடத்திலேயே வைத்தார்.

“எழுதிக்குங்க மாப்பிள்ளை. இந்த மாசமும் சாயம் போகல.”