சோதனைப் பெட்டியின் சாவி

“சாவியைக் கொடுங்கண்ணா. ஒரே ஒரு தடவை பார்த்துட்டு மூடிடறேன்.”

“முடியாது.”

“உள்ளே இருக்கறது என்னோட சோலார் செல்!”

“அதனாலதான் முடியாது” என்று சாவியைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டான் ஆய்வகச் சீனியர்.

நீட்டிய கையை அவள் வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள். சும்மா இருக்க முடியாமல் அவள் சுரண்டிச் சுரண்டி, சிவப்பு நகப்பூச்சு பாதி உரிந்திருந்தது.

பெட்டியின் கண்ணாடியில் மூக்கு ஒட்ட எட்டிப் பார்த்தாள். உள்ளே எரிந்த விளக்கின் வெளிச்சத்தில் கண் கூசியதுதான் மிச்சம்.

உள்ளே, பெரோவ்ஸ்கைட் என்ற புதுவகைப் படிகத்தில் அவள் செய்த சூரிய மின் செல்கள். கறுப்பாக இருந்தால் உயிரோடு இருக்கின்றன. மஞ்சளடித்தால் கதை முடிந்தது. சூடு தாங்கவும் கூடுதல் மின்சாரம் தரவும் நானோ துகள்களைக் கலந்திருந்தாள். ஈரக்காற்று மட்டும் ஜென்மப் பகை. அது அண்டாமலிருக்கத்தான் நைட்ரஜன் நிரப்பிய இந்தப் பெட்டி.

ஏற்கெனவே இரண்டு முறை மஞ்சளடித்தாயிற்று. “இதுவும் போச்சுன்னா நானோவை மூட்டை கட்டிட்டு வேற தலைப்பு பாரும்மா” என்று பேராசிரியர் சொல்லிவிட்டார். இத்தனை வருஷ உழைப்பு!

இவன் என்னடாவென்றால், புதையலைக் காக்கும் பூதம் மாதிரி உட்கார்ந்திருக்கிறான்.

நேரே பேராசிரியரிடம் போனாள்.

“என் செல்லை என்கிட்டயே காட்ட மாட்டேங்கறார் சார். இந்தத் தடவை புதுசாப் பூட்டு வேற போட்டிருக்கார். போன ரெண்டு தடவையும் பெட்டி அவர் பொறுப்புலதான் இருந்தது. எனக்கென்னமோ சந்தேகமா இருக்கு.”

“சோதனை முடியட்டும். நானே வர்றேன்.”

அதுவரை அவளுக்குச் சோறும் இறங்கவில்லை, தூக்கமும் பிடிக்கவில்லை.

பேராசிரியர் முன்னிலையில் பெட்டி திறந்தது. அத்தனை செல்லும் கன்னங்கரேல்! அளந்து பார்த்தார்கள். மின்சாரம் துளியும் குறையவில்லை.

“பேஷ்! அப்ப முதல் ரெண்டு தடவை ஏன் செத்துச்சு?” பேராசிரியர் சீனியர் பக்கம் திரும்பினார்.

அவன் அவளை ஒரு கணம் பார்த்தான். பிறகு தரையைப் பார்த்தான்.

“கதவு ரப்பர் தேய்ஞ்சிருந்தது சார். காத்து புகுந்திருக்கு. நான் கவனிச்சிருக்கணும். இந்தத் தடவை மாத்திட்டேன்.”

“கண்ணைப் பொடனியிலயா வச்சிருந்தே? உன் அலட்சியத்துக்கு இந்தப் பொண்ணு பலியாகியிருப்பா! சாவியை அவகிட்ட கொடு. இனிமே பெட்டி அவ பொறுப்பு.”

சாவியைக் கொடுத்துவிட்டுப் போனான்.

‘நல்லவேளை, நான் வாயைத் திறந்தேன்’ என்று நினைத்தபடி கதவை மூடக் குனிந்தவள், அப்படியே நின்றுவிட்டாள்.

அதே பழைய ரப்பர். மாற்றவே இல்லை. தேயவும் இல்லை.

போன இரண்டு தடவையும், மனசு கேட்காமல், யாரும் பார்க்காத நேரமெல்லாம் அவள் நெம்பித் திறந்து திறந்து பார்த்த ஓரத்தில் மட்டும், திட்டுத் திட்டாகச் சிவப்பு நகப்பூச்சு.