பதினான்காம் நேர்காணல்

கேள்வி எங்கிருந்து வரப்போகிறது என்று இவளுக்குப் பிடிபடவில்லை.

புறத் தேர்வாளர் இவளுடைய முனைவர் பட்ட ஆய்வேட்டின் நடுப்பக்கத்தில் விரலை வைத்திருந்தார். நிமிர்ந்து பார்க்கவில்லை.

விசைத்தறிகள் நின்றுபோன ஒரு ஊரில் குடும்பங்கள் எப்படிச் சிதைந்தன என்பது ஆய்வு. இளமை முழுக்க அதில் போயிற்று.

இந்த மாதத்தோடு நெறியாளர் ஓய்வு பெறுகிறார். அவருக்குப் பிறகு துறையில் நிரந்தர ஆசிரியர் என்று ஒருவரும் இல்லை. காலியான இடங்களை யாரும் நிரப்பவில்லை. இன்றைக்கு முடியாவிட்டால் புது நெறியாளரைத் தேடி இவள் ஊர் ஊராக அலைய வேண்டும். தினக்கூலி போல மணிக்கணக்குக்குப் பாடம் நடத்திக்கொண்டே அலைய வேண்டும்.

பொது வாய்மொழித் தேர்வு என்றால் பொதுமக்கள் வேண்டுமே. நாற்காலிகளை நிரப்ப முதலாண்டு வகுப்பை அப்படியே ஓட்டிக்கொண்டு வந்திருந்தார்கள். முடிந்ததும் சாப்பாடு உண்டு என்று சொன்னதால் யாரும் முகம் சுளிக்கவில்லை.

அந்த வகுப்போடு மூன்றாவது வரிசையில் தாரணி இருந்தாள்.

கடைசி வரிசையில் அவளுடைய அம்மா பூங்கொடி. பச்சைப் பட்டு கட்டி வந்திருந்தாள். ஆய்வு நடந்த அந்த ஊர்க்காரி. நீங்க டாக்டர் ஆகறத நானும் வந்து பாக்கோணுமுங்க என்று போனில் கேட்டுக்கொண்டு வந்தவள். தாரணிக்கு விண்ணப்பம் போட்டு, இந்தப் பல்கலைக்கழகத்தில் இடம் வாங்கிக் கொடுத்தது மேடையில் நிற்கும் இவள்தான்.

தேர்வாளர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு உரக்க வாசித்தார்.

பதினான்காம் நேர்காணல். பெயர் மாற்றப்பட்டுள்ளது.

"அவரு போய்ட்டாருங்க. தறியும் போயிருச்சு. புள்ளையோட நானும் போயிரலாம்னு சோத்துல மருந்தக் கலந்துட்டனுங்க. புள்ள தட்டத் தூக்கிட்டு வந்து உக்காந்துச்சு. மொத வாய் எடுக்கறப்ப கையப் புடிச்சுட்டனுங்க. உப்புப் போட மறந்துட்டேன் கண்ணுன்னு சொல்லி, வாங்கிக் கொட்டிட்டனுங்க."

அரங்கத்தில் ஒரு பெண் மூக்கை உறிஞ்சினாள்.

தாரணி கடித்துக்கொண்டிருந்த நகத்தை விட்டாள்.

தேர்வாளர் ஏட்டை மூடினார்.

"நல்லா இருக்கும்மா. ரொம்ப நல்லா இருக்கறதுதான் எனக்கு இடிக்குது. இப்பல்லாம் பேட்டியக்கூட ஏஐ எழுதிக் குடுத்துடுது. ஒலிப்பதிவு இருக்கா?"

இல்லை.

இருந்தது. அன்றைக்குப் பேசி முடித்ததும் பூங்கொடி கையெடுத்துக் கும்பிட்டாள். பேரை மாத்திப் போடுங்க, புள்ளைக்குத் தெரிஞ்சிரக் கூடாது என்றாள். இவள் அவள் கண் முன்னாலேயே ஒலிப்பதிவை அழித்துக் காட்டினாள். வாழ்க்கையில் ஒரு தடவை ஒழுங்காக நடந்துகொண்டாள். அதுவே வினையாக வந்து நின்றது.

"ஒலிப்பதிவு இல்லாம நான் எப்படிக் கையெழுத்துப் போடறது?"

நெறியாளர் கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு இவளைப் பார்த்தார்.

பதற்றத்தில் வாய் தவறிவிட்டது என்றுதான் இனிமேல் எல்லோரிடமும் சொல்லிக்கொள்ளப் போகிறாள். அப்படியில்லை. நிதானமாக யோசித்தாள். மூன்றாவது வரிசையைப் பார்த்தாள். கடைசி வரிசையைப் பார்த்தாள். பூங்கொடி வேண்டாம் என்று தலையசைத்தாள். சின்ன அசைவு.

அதையும் பார்த்தாள்.

"அவங்க இங்கயேதான் இருக்காங்க சார். கடைசி வரிசை. பச்சைப் பட்டு."

நாற்காலிகள் கிறீச்சிட்டன. எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். தாரணி கடைசியாகத் திரும்பினாள்.

"ஏம்மா, இது நீங்க சொன்னதுதானா?" என்றார் தேர்வாளர்.

பூங்கொடி எழுந்து நின்றாள். படித்தவர்கள் கேட்டால் எழுந்து நின்று பதில் சொல்வது அவள் பழக்கம்.

இல்லை என்று சொல்லியிருக்கலாம். ஒரே சொல்லில் மகளைத் தன்னிடமே வைத்துக்கொண்டிருக்கலாம். ஆனால் சொன்னால் மேடையில் நிற்கிறவள் பொய்க்காரி ஆகிவிடுவாள். மகளுக்குப் படிப்புக் கொடுத்தவள்.

"ஆமாங்க."

தேர்வாளர் முகம் மலர்ந்தது. களத்து மக்களோடு இவ்வளவு நெருக்கம் வைத்திருக்கும் ஆய்வாளரைத் தான் கண்டதில்லை என்றார். பட்டத்துக்குப் பரிந்துரைப்பதாகச் சொன்னார்.

கை தட்டச் சொன்னார்கள். முதலாண்டு வகுப்பு தட்டியது.

சாப்பாடு பக்கத்து அறையில்.

இவள் தேர்வாளரின் தட்டில் ஜாங்கிரி வைத்தாள். யாரோ டாக்டர் என்று கூப்பிட்டார்கள். முதல் தடவை. காது குளிர்ந்தது.

சுவரோரம் தாரணி தனியாக உட்கார்ந்திருந்தாள். கூடப் படிக்கிறவர்கள் கொஞ்சம் தள்ளி நின்று சாப்பிட்டார்கள்.

பூங்கொடி கூட்டத்தில் முண்டிக்கொண்டு போய் ஒரு தட்டு வாங்கி வந்தாள். மகள் பக்கத்தில் உட்கார்ந்தாள். பருப்புச் சோற்றைத் தானே பிசைந்தாள். கல்லூரிக்கு வந்த பெண்ணை இன்னும் சின்னப்பிள்ளை என்று நினைப்பு.

"சாப்புடு கண்ணு."

தாரணி தட்டை வாங்கவில்லை. அம்மாவின் விரல்களையே பார்த்தாள்.

"உப்புப் போட்டிருக்காம்மா?"

பூங்கொடி ஒரு கவளம் எடுத்துத் தன் வாயில் போட்டுக்கொண்டாள். மென்றாள். விழுங்கினாள். மகளுக்குத் தெரியும்படி இன்னொரு கவளம் எடுத்தாள்.

இவளுக்கு நெஞ்சை அடைத்தது. உண்மையாகவே அடைத்தது. கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்துவிட்டாள்.

ஆய்வேடு புத்தகமாக வரும்போது இதையும் சேர்க்க வேண்டும்.