மகனை வரச் சொல்லுங்க

மூக்கில் குழாய். அதன் மறுமுனை கேரியரில் கட்டியிருந்த ஆக்ஸிஜன் சிலிண்டரில். அந்தக் கோலத்தில் பெரியவர் சைக்கிளை மிதித்துக்கொண்டு ஆஸ்பத்திரி வாசலில் வந்து இறங்கியதைப் பார்த்ததும் நர்ஸுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அவள் இங்கே மாற்றலாகி வந்து மூன்று நாள்தான் ஆகிறது. மூன்று நாளும் இதே காட்சி.

ஹேண்டில்பாரில் தொங்கிய பையிலிருந்து காலி சிலிண்டர் ஒன்றை எடுத்து மேஜைமேல் வைத்தார். பேச்சு வர ஒரு நிமிஷம் ஆயிற்று.

"மாத்திக் குடும்மா."

"வீட்டுல வேற ஆளே இல்லையா?"

"மகன் இருக்கான்."

"என்ன வயசு?"

"முப்பத்திரெண்டு."

"வேலைக்குப் போயிருக்காரா?"

"இல்லம்மா. வீட்டுலதான் இருக்கான்."

அவளுக்குச் சுருக்கென்றது. "மூச்சு வாங்குற அப்பாவை இந்த மேட்டுல சைக்கிள் மிதிக்க விட்டுட்டு, மகராசன் கால் நீட்டிப் படுத்திருக்காராக்கும்?"

"படுக்கலம்மா. உட்கார்ந்துதான் இருப்பான்."

"நல்லா வக்காலத்து வாங்குறீங்க. இப்படிச் செல்லம் கொடுத்துத்தான் கெடுத்து வெச்சிருக்கீங்க." நிரப்பி வைத்திருந்த சிலிண்டரைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். "இன்னைக்கு உங்க கையில தர மாட்டேன். மகனை வரச் சொல்லுங்க."

பெரியவர் முகம் வெளுத்தது.

"நேரமாகுதும்மா. கொடுத்துடு. அவனைத் திட்டாதே."

"பெத்தவர் உசிரைவிட அவருக்குச் சொகுசு பெரிசா? அது நெஞ்சா, கல்லா?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"கல்லுதாம்மா. கல்லுத்தூள். பன்னெண்டு வருஷம் கல் உடைக்கிற ஆலையில நின்னான். நானும் அங்கதான். ஆனா அவனுக்குத்தான் ரொம்ப முத்திப்போச்சு. நாலு எட்டு நடக்க முடியல. இது அவனோட சிலிண்டர். எனக்காவது சைக்கிள் மிதிக்கிற அளவுக்கு மூச்சு மிச்சமிருக்கு."

அவள் சிலிண்டரைத் தானே தூக்கிக்கொண்டு வாசல்வரை வந்து பையில் வைத்தாள்.

"மன்னிச்சிடுங்க ஐயா. தெரியாம உங்க மகனைத் திட்டிட்டேன்."

பெரியவர் பெடலில் காலை வைத்தார்.

"திட்டுறதா இருந்தா என்னைத் திட்டும்மா. படிச்சுக்கிட்டிருந்தவனை, 'படிச்சது போதும், வாடா'ன்னு அங்க கூட்டிட்டுப் போனவன் நான்தான்."