பீரோக்காவும் ரெண்டு புத்தகமும்

"சாருக்கு ரெண்டு புத்தகத்துக்கும் வித்தியாசம் தெரியுமில்ல?"

பீரோக்கா கேட்ட கேள்வியில, தேர்வுல அவளுக்குத் துணையா வாசிக்க வந்த பியானோக்காரர் முகத்துல எள்ளும் கொள்ளும் வெடிச்சுது.

பீரோ தண்டிக்கு ஒரு டபுள் பேஸை, அதான் அந்த ராட்சச வயலினை, இழுத்துக்கிட்டு அலையறதால அவளுக்கு அந்தப் பேரு. ஆர்கெஸ்ட்ராவுல பதினோரு வருஷமாக் கடைசி வரிசை. இன்னிக்குத் தேர்வுல ஜெயிச்சா முதல் நாற்காலி. தோத்தா, அதுல உக்காரப் போறவர் ரிட்டயர் ஆகற வரைக்கும் அவர் முதுகைப் பாத்துக்கிட்டே வாசிக்க வேண்டியதுதான்.

வாசிக்க வேண்டியது ஒரு கான்செர்ட்டோ; இவ தனியா முன்னால வாசிக்க, பியானோ பின்னால துணைக்கு வரும். அதுல ரெண்டு பதிப்பு உண்டு. ஒண்ணு, சாதாக் கம்பிக்கு. இன்னொண்ணு, கம்பியைச் சுருதியில ஒரு படி ஏத்திக் கட்டறவங்களுக்கு. இவ ஒண்ணு, பியானோ இன்னொண்ணுன்னு மாறிச்சோ, ரெண்டு லாரி நேருக்கு நேர் மோதின மாதிரிதான்.

"போன தடவை ஒரு மேதாவி மாத்தி எடுத்துட்டு வந்து, நாலாவது வரியிலயே மூட்டை கட்டினார் சார்!"

சிரிச்சுக்கிட்டே, காலையில லைப்ரரியில அவசரமா உருவிட்டு வந்த பியானோ புத்தகத்தை நீட்டினா.

அவர் பிரிச்சார். பாத்தார். அவ கம்பி ஒண்ணைச் சுண்டினார்.

"ஏத்திக் கட்டலியா?"

"இல்லியே, சாதாதான். ஏன்?"

"ஒண்ணுமில்ல."

"அடுத்த ஆள் வாங்க!" உள்ள இருந்து குரல் வந்துடுச்சு.

வாசிச்சா பாருங்க! ஜன்னல் கண்ணாடி அதிருது. கொட்டாவி விட்ட நடுவர் வாயை மூட மறந்துட்டார்.

பியானோக்காரர் மட்டும் வேர்த்து விறுவிறுத்து, தலை நிமிராம, என்னமோ முணுமுணுத்துக்கிட்டே இருந்தார்.

'எனக்குத்தான் சாபம் விடறாரு போல.'

முடிஞ்சதும் நடுவர்கள் எழுந்து நின்னு கை தட்டினாங்க. முதல் நாற்காலி பீரோக்காவுக்கே!

வெளிய வந்ததும் பிடிச்சுக்கிட்டா.

"ஏன் சார், நான் நல்லா வாசிச்சா உங்களுக்கு எங்க எரியுது? ஒரு தடவையாவது நிமிந்து பாத்தீங்களா?"

"பாத்திருந்தா கணக்கு தப்பியிருக்கும்மா."

புத்தகத்தை அவ கையில வச்சுட்டு, கைக்குட்டையால கழுத்தைத் துடைச்சுக்கிட்டே போயிட்டார்.

கணக்கா? என்ன கணக்கு?

அட்டையைத் திருப்பினா. 'ஒரு படி ஏத்திக் கட்டிய கம்பிகளுக்கான பதிப்பு.'

'வித்தியாசம் தெரியுமில்ல'ன்னு கேட்ட மேதாவி கொண்டுவந்த தப்பான புத்தகத்தை, முதல் வரியில இருந்து கடைசி வரி வரைக்கும், ஒவ்வொரு சுரமா மனசுக்குள்ளயே ஒரு படி இறக்கி இறக்கி வாசிச்சிருக்கார் மனுஷன்!