வரிசையில் முந்தியவர்

தாம்பரத்துக் காலனிச் சங்கத் தலைவர் கஸ்தூரிரங்கனுக்கு அன்று டயாலிசிஸ் ஊசியைவிட அதிகமாகக் குத்தியது, பக்கத்துக் கட்டில் காலியாக இருந்ததுதான். அதில் வழக்கமாகப் படுக்கும் மீன்கார வடிவேலுவுக்குத் தானமாக வந்த சிறுநீரகம் கிடைத்துவிட்டதாம்.

டயாலிசிஸ் முடிந்ததும் நேராக, காத்திருப்போர் பட்டியலைப் பார்த்துக்கொள்ளும் ரோஹிணியின் அறைக்குப் போனார்.

"எனக்கு அப்புறம் பதிஞ்சவன் எப்படிம்மா முந்தினான்? எந்த மந்திரியைப் பிடிச்சான்?"

"அவருக்கு யாரையும் தெரியாது சார். நேத்து உங்க போன் வேலை செஞ்சுதா?"

"பேச்சை மாத்தாதீங்க. என் போன் எப்பவும் பையிலதான் இருக்கு. சைபர் மோசடி பத்திக் காலனிக்கே வகுப்பு எடுக்கறவன் நான். நேத்திக்குக்கூட ஒருத்தி, 'சார், உங்களுக்கு அலாட் ஆயிருக்கு, ஆதாரோட உடனே கிளம்பி வாங்க'ன்னு தேனா ஆரம்பிச்சா. மேல பேச விடுவேனா? 'போலீஸ்ல பிடிச்சுக் குடுப்பேன்'னு மிரட்டி, நம்பரை பிளாக் பண்ணி, வாட்ஸ்அப் குரூப்லயும் போட்டேன். காலனியே கை தட்டித்து."

ரோஹிணி தன் போனை எடுத்து அவரை அழைத்தாள். அவர் சட்டைப் பையில் சத்தமே இல்லை.

"அந்த பிளாக்கை எடுத்துடுங்க சார்," என்றாள். "அடுத்த சிறுநீரகத்துக்கும் நான்தான் கூப்பிடணும்."