ஐந்து ஓட்டு

சாரதாமணி மூக்கைப் பிடித்துக்கொண்டு நீச்சல்குளத்தில் குதித்தாள்.

நைட்டி குடை மாதிரி விரிந்துகொண்டது. அதை அமுக்கப் போன ரஞ்சனியும் வழுக்கி உள்ளே விழுந்தாள். ஏற்கெனவே தண்ணீரில் நின்ற மற்ற மூவருக்கும் சிரித்துச் சிரித்துப் புரையேறியது.

ஐவரும் ராசிபுரம் பக்கத்துப் பேரூராட்சி ஒன்றின் வார்டு உறுப்பினர்கள். தலைவர் செங்கோடனை நீக்கத் திங்கட்கிழமை ஓட்டெடுப்பு. அதற்குள் தலைவரின் ஆட்கள் இவர்களை வளைத்துவிடக் கூடாதென்று துணைத்தலைவர் முருகானந்தம் வேனில் ஏற்றி, கொண்டப்பநாயக்கன்பட்டி தாண்டி மலையடிவாரத்தில் இருக்கும் இந்த விடுதிக்குக் கொண்டுவந்திருந்தார். சிக்னலை வைத்துக் கண்டுபிடித்துவிடுவார்கள் என்று தன்னுடையதையும் சேர்த்து எல்லாப் போன்களையும் அணைத்துப் பூட்டிவிட்டார். மனசைக் கலைக்கும் செய்தி எதுவும் வேண்டாமென்று டி.வி. ஒயரைக்கூடப் பிடுங்கிவிட்டார்.

சாரதாமணியுடையது ஏழாவது வார்டு. அங்கே பன்னிரண்டு நாளைக்கு ஒரு தடவைதான் குடிதண்ணீர். கேட்கப் போன பெண்களைச் செங்கோடன் வாசலிலேயே நிற்கவைத்துத் திருப்பி அனுப்பினார். அவரை இறக்காமல் விடுவதில்லை என்று அன்றைக்கே முடிவு செய்தவள் அவள்.

இங்கே கழுத்தளவு தண்ணீர். அள்ளி அள்ளி வானத்தைப் பார்த்து எறிந்தாள். ஐம்பது வயதில் இப்படியொரு கிறுக்கு.

பெண்கள் குளிக்கிற இடமாயிற்றே என்று கேட்டைப் பார்த்துத் திரும்பி நின்றபடியே முருகானந்தம் குரல் கொடுத்தார்.

"ஏனுங்கம்மா, திங்கக்கிழமை அஞ்சு பேரும் ஒண்ணாக் கையைத் தூக்கோணும். மறந்துறாதீங்க."

"தூக்கிட்டாப் போச்சுங்க" என்றாள் சாரதாமணி.

ஐந்து கைகள் தண்ணீருக்கு மேலே உயர்ந்தன. அதற்குமேல் தாங்காமல் ஐவரும் சிரிப்போடு தண்ணீருக்குள் மூழ்கினார்கள்.

ஜெயிக்கப்போகிற சந்தோஷம் என்று முருகானந்தம் நினைத்துக்கொண்டார்.

வந்த அன்றைக்கே, போண்டா கட்டிவந்த அன்றைய செய்தித்தாளைச் சாரதாமணி பிரித்துப் படித்திருந்தாள். பேரூராட்சித் தலைவர்களை நீக்கும் அதிகாரம் இனி உறுப்பினர்களுக்குக் கிடையாது, அரசுக்கு மட்டுமே. எதிர்க்கட்சிகள் வெளிநடப்புச் செய்தும் புதுச் சட்டம் உடனே அமலுக்கு வந்துவிட்டது.

இரண்டு தடவை சத்தமாகப் படித்துக் காட்டினாள். திங்கட்கிழமை கையைத் தூக்கி இனி ஒன்றும் ஆகப்போவதில்லை என்று ஐவருக்கும் புரிந்துவிட்டது. ஜன்னலுக்கு வெளியே நீச்சல்குளம் நீலமாகத் தளும்பிக்கொண்டிருந்தது.

கடைசியில் சாரதாமணிதான் சொன்னாள்.

"இப்பவே சொன்னா வேன்ல ஏத்தி ஊட்டுக்கு அனுப்பிப்போடுவாரு. சாயங்காலமாச் சொல்லிக்கலாம், உடுங்க."

இது மூன்றாவது சாயங்காலம்.